ரங்கூன் பெட்டியில் கிடைத்த நெகட்டிவ்களுக்கு எந்த பிளாட்பெட் ஸ்கேனர் வாங்குவது?

கானாடுகாத்தான் வளவு

அனைவருக்கும் வணக்கம். கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டைப் பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து பழுது பார்த்து வருகிறோம். இரண்டாங்கட்டில் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த ஓர் உள்ளறையைச் சென்ற மாதம் ஒழித்தபோது, ஐயா (அப்பாவின் அப்பா) காலத்து ரங்கூன் தேக்குப் பெட்டிக்குள் பிஸ்கட் டப்பாக்களிலும் பழுப்பேறிய காகித உறைகளிலும் நெகட்டிவ்கள் அடைத்து வைக்கப்பட்டிருந்ததைக் கண்டோம். எண்ணிப் பார்த்ததில், மூன்று மூன்று படமாக வெட்டிய பெரிய சதுர நெகட்டிவ் 140 துண்டுகளும், 35 மி.மீ. பிலிம் 60 துண்டுகளும், பெரியப்பச்சி (பெரியப்பா) பினாங்கிலிருந்து கொண்டுவந்த வண்ண ஸ்லைடுகள் 80-ம், கறுப்புத் தாளில் சுற்றிய கண்ணாடித் தகடுகள் 31-ம் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காகிதப் படம் எங்களிடம் இல்லை. ஐயாவின் இளவயது முகத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை என்பதால், இந்தப் பெட்டி எங்களுக்கு எவ்வளவு பெரிய பொருள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பங்காளிகள் பணம் போட்டு ஒரு ஸ்கேனர் வாங்குவதென்று முடிவாகிவிட்டது. எந்த ஸ்கேனர் என்பதில்தான் குழப்பம். எப்சன் வி600, எப்சன் வி850 என்ற இரண்டு பெயர்களும் எங்கு தேடினாலும் வருகின்றன. இரண்டின் பெட்டியிலும் 6400 டிபிஐ (அங்குலத்துக்கு 6400 புள்ளி) என்றே போட்டிருக்க, இரண்டாவதற்கு மூன்று மடங்குக்கு மேல் விலை ஏன் கொடுக்க வேண்டும் என்று பங்காளிகள் கேட்கிறார்கள். நாங்கள் விசாரித்த ஒரு கணினிக் கடையில், பிரிண்டரோடு சேர்ந்து வரும் ஸ்கேனரே போதும் என்றார்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

காரைக்குடி இருட்டறை

தம்பி, நான் காரைக்குடியில் நாற்பது ஆண்டுகள் ஸ்டூடியோவில் இருந்தவன். அதில் முதல் இருபத்தைந்து ஆண்டுகள் முழுக்க இருட்டறை வேலை. கடைக்காரர் சொன்னதை முதலில் ஒதுக்கிவிடுங்கள். பிரிண்டரோடு வரும் ஸ்கேனர் காகிதத்தின் மேல் ஒளியை அடித்து, அது திரும்பி வருவதைப் படிப்பது. நெகட்டிவுக்கோ ஒளி ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். அதற்கு மூடிக்குள் தனி விளக்கு வேண்டும். மேலும், அந்த மெலிந்த ஸ்கேனர்களில் சிஐஎஸ் என்ற வகை உணரி இருக்கும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் காகிதம் மட்டுமே அதற்குக் கூர்மையாகத் தெரியும். கொஞ்சம் தூக்கி வைத்தாலும் மங்கிவிடும். பிலிமுக்கு வேண்டியது, லென்ஸும் சிசிடி உணரியும் உள்ள, மூடியில் விளக்குள்ள ஸ்கேனர். நீங்கள் குறிப்பிட்ட இரண்டும் அந்த வகைதான்.

இப்போது 6400 என்ற எண்ணுக்கு வருகிறேன். அது உணரி எத்தனை புள்ளிகளாகப் பிரித்து எழுதுகிறது என்பதைச் சொல்கிறதே தவிர, லென்ஸ் எவ்வளவு நுணுக்கத்தைப் பார்க்கிறது என்பதைச் சொல்வதில்லை. இருட்டறையில் என்லார்ஜரின் லென்ஸ் மட்டமாக இருந்தால் எவ்வளவு பெரிய தாளில் போட்டாலும் படம் பெரிதாகுமே அல்லாமல் கண்ணிமை தெரியாது. அதே கதைதான் இங்கும். யூஎஸ்ஏஎஃப் 1951 என்ற கோட்டு அட்டையை வைத்துச் சோதித்தவர்கள், வி600-இன் உண்மையான திறன் 1600 டிபிஐயைத் தொடுவதில்லை என்றும், வி850 சுமார் 2300 வரை எட்டுகிறது என்றும் கண்டிருக்கிறார்கள். ஆகவே நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் விலை, பெட்டியில் எழுதாத அந்த 700 டிபிஐக்கும், அதைவிட முக்கியமாக, மூடிக்குள் இருக்கும் விளக்கின் பரப்புக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்காகவே பார்ப்போம். 35 மி.மீ. படத்தின் அளவு 36க்கு 24 மி.மீ. அதை வி600-இல் எடுத்தால் உண்மையில் கிடைப்பது ஏறத்தாழ 2200க்கு 1470 புள்ளிகள், அதாவது மூன்றேகால் மெகாபிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் ஏழரை அங்குலத்துக்கு ஐந்து அங்குலம் கூட வராது. அதே ஸ்கேனரில் உங்கள் சதுர நெகட்டிவை வையுங்கள். அது 120 ரோலில் எடுத்தது. படத்தின் உண்மை அளவு 56க்கு 56 மி.மீ. அதிலிருந்து 3400க்கு 3400 புள்ளிகளுக்கு மேல் கிடைக்கும், பதினோரு அங்குலச் சதுரம் தாராளமாக அச்சிடலாம். ஸ்கேனர் ஒன்றுதான், பிலிம் பெரிதானதால் பலன் மூன்றரை மடங்காகிவிட்டது. ஆகையால் எந்த ஸ்கேனர் என்ற கேள்விக்கு முன்னால், பெட்டியில் எந்த அளவு பிலிம் எத்தனை என்ற கேள்வியை வைக்க வேண்டும். நீங்கள் அதை எண்ணியே எழுதியிருப்பது எனக்கு மிகவும் மகிழ்ச்சி அளித்தது.

நம் பக்கத்தில் 120 ரோல் அதிகம் இருப்பதற்குக் காரணம் உண்டு. கல்யாணம், சாந்தி, சடங்கு எல்லாவற்றுக்கும் யாஷிகா, ரோலிஃப்ளெக்ஸ் இரட்டை லென்ஸ் கேமராக்களையே கொண்டுபோவோம். வீடுகளில் அக்ஃபா கிளிக் 3 இருக்கும். அதுவும் 6க்கு 6 சதுரம்தான். நெகட்டிவின் ஓரத்தில் இந்து என்ற பெயர் ஆங்கிலத்தில் இருந்தால், அது ஊட்டியிலிருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் ஆனது. அந்த ஆலையில் உற்பத்தி தொடங்கியது 1960-களின் பிற்பகுதியில் என்பதால், படத்தின் காலத்தைக் கணிக்கவும் அந்த ஓர எழுத்து உதவும். ஸ்கேன் செய்யும்போது ஓரத்தையும் சேர்த்து எடுங்கள்.

தேவகோட்டை ஆச்சி

நான் தேவகோட்டையில் எங்கள் வீட்டு நெகட்டிவ்களையும், உறவினர் வீடுகள் நான்கின் நெகட்டிவ்களையும் வி600-இல் ஆறு ஆண்டுகளாக ஸ்கேன் செய்து வருகிறேன். இருட்டறை ஐயா சொன்ன கணக்கு என் அனுபவத்துக்குப் பொருந்துகிறது. தொடக்கத்தில் நானும் எல்லாவற்றையும் 6400-இல்தான் எடுத்தேன். ஒரு 35 மி.மீ. வண்ணப் படத்தை 48 பிட்டில் எடுத்தால் கோப்பு 330 எம்பியைத் தொடும். திறந்து பெரிதாக்கிப் பார்த்தால் மூன்று மெகாபிக்சலுக்குரிய செய்திதான் அதில் இருக்கும். இப்போது 3200-இல் எடுத்து, பிறகு பாதியாகக் குறைத்துச் சேமிக்கிறேன். நேரடியாக 1600-இல் எடுப்பதைவிட இப்படிக் குறைப்பதில் புள்ளி இரைச்சல் அடங்கி, முகங்கள் தெளிவாக வருகின்றன. கறுப்பு வெள்ளைச் சதுர நெகட்டிவை 16 பிட் சாம்பல் நிறத்தில் எடுத்தால் ஸ்கேன் 100 எம்பி, குறைத்தபின் 25 எம்பி. டிஃப் கோப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஜேபெக் என்பது பங்காளிகளுக்கு வாட்ஸப்பில் அனுப்புவதற்கு மட்டும்.

வி600-இன் பிலிம் சட்டத்தில் 120 பிலிம் ஒரு துண்டுதான் நிற்கும், 22 செ.மீ. நீளம் வரை வைக்கலாம். 35 மி.மீ. என்றால் ஆறு படத் துண்டு இரண்டு, ஸ்லைடு என்றால் நான்கு. தூசி ஊதுவது, சட்டத்தில் மாட்டுவது, முன்னோட்டம், ஸ்கேன், பெயரிடுவது எல்லாம் சேர்த்து மூன்று படமுள்ள ஒரு 120 துண்டுக்கு எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. உங்கள் 140 துண்டுகளுக்கு 28 மணி நேரம். தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் முடியும் வேலை இது, மலைக்க வேண்டாம்.

இரண்டு விஷயங்களை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒன்று, பிலிம் வளைந்து நிற்பது. பிளாட்பெட் ஸ்கேனரின் லென்ஸ் தானாகக் குவியம் திருத்துவதில்லை. கண்ணாடிக்கு மேலே ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் அது கூர்மையாகப் பார்க்கும். அந்த உயரம் ஸ்கேனருக்கு ஸ்கேனர் சிறிது மாறும். என்னுடைய சட்டத்தின் அடியில் கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கத்தரித்து ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு, மூன்று மடிப்பு என்று வைத்து ஒரே நெகட்டிவை எடுத்துப் பார்த்தேன். அப்பத்தாவின் கல்யாணப் படம் அது. அட்டை இல்லாதபோது கழுத்துருவின் (தாலி மாலையின்) உருப்படிகள் ஒன்றோடொன்று ஒட்டிய மங்கலான கோடாகத் தெரிந்தன. இரண்டு மடிப்பு வைத்தபோது ஒவ்வோர் உருப்படியையும் எண்ண முடிந்தது. காசு செலவில்லாத இந்த ஒரு மாற்றம், எந்த மென்பொருளின் கூர்மையாக்கும் வசதியையும்விட மேலானது. வி850-இன் சட்டங்களில் உயரத்தை மாற்றும் கால்களே உண்டு.

மற்றொன்று, சட்டத்தின் மேல் பகுதியில் இருக்கும் திறந்த இடைவெளி. ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்பும் ஸ்கேனர் அந்த இடைவெளி வழியாக விளக்கின் அளவைத் தெரிந்துகொள்கிறது. நான் எண் எழுதிய ஒரு சிறு சீட்டை அங்கே ஒட்டிவிட்டேன். அன்று எடுத்த ஒவ்வொரு படத்திலும் மேலிருந்து கீழாகக் கோடுகள் விழுந்தன. விளக்குப் போய்விட்டதென்று இரண்டு நாள் தவித்தேன். அந்த இடத்தில் தூசி கூட இருக்கக் கூடாது.

பள்ளத்தூர் பொறியாளர்

ஆச்சி, ஐயா இருவரும் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 35 மி.மீ. துண்டுகளையும் ஸ்லைடுகளையும் பிளாட்பெட்டில் எடுப்பது உழைப்புக்கேற்ற பலன் தராது என்பது என் உறுதியான கருத்து. 60 துண்டுகள் என்றால் 300 படங்களுக்கு மேல் இருக்கும், ஸ்லைடுகள் வேறு. பிளஸ்டெக் நிறுவனத்தின் ஆப்டிக்ஃபிலிம் 8200ஐ போன்ற 35 மி.மீ. மட்டும் எடுக்கும் தனி ஸ்கேனர், பெட்டியில் 7200 என்று போட்டுக்கொண்டாலும், நடைமுறையில் 3000 டிபிஐக்கு மேல் தருகிறது. வி850-இன் விலையோடு ஒப்பிட்டால் மலிவு. அதில் ஒவ்வொரு படமாகக் கையால் தள்ள வேண்டும் என்பது உண்மைதான். டிஜிட்டல் கேமராவும் மேக்ரோ லென்ஸும் உங்களில் யாரிடமாவது இருந்தால், ஓர் ஒளித்தட்டின் மேல் நெகட்டிவை வைத்துப் படமெடுப்பது அதைவிட வேகமானது. நான் அப்படித்தான் செய்கிறேன். கேமராவும் நெகட்டிவும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். அதற்கு நெகட்டிவ் இருக்கும் இடத்தில் சிறு கண்ணாடி ஒன்றை வைத்து, லென்ஸின் பிம்பம் நடுவில் விழுகிறதா என்று பார்த்தால் போதும்.

ஸ்லைடுகளைப் பற்றி இன்னொன்று. பிலிமின் கருமையை மடக்கை அளவில் குறிப்பார்கள். அடர்த்தி 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியே புகும். 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வி600-க்கு 3.4 என்றும் வி850-க்கு 4.0 என்றும் நிறுவனம் சொல்கிறது. சாதாரணமாகக் கழுவிய கறுப்பு வெள்ளை நெகட்டிவும் வண்ண நெகட்டிவும் 3-ஐத் தாண்டுவது அரிது. ஆகவே அவற்றுக்கு இந்த வேறுபாடு பொருட்டல்ல. ஸ்லைடின் நிழற்பகுதி தாண்டும். பினாங்கு ஸ்லைடுகளில் வீட்டுக்குள் எடுத்தவை இருந்தால், வி600-இல் அந்த இருட்டு மூலைகள் இரைச்சலாகத்தான் வரும்.

தூசியை நீக்கும் டிஜிட்டல் ஐஸ் வசதியையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கையால் துடைத்தெடுக்கும் வேலை பெரிதும் குறையும்.

காரைக்குடி இருட்டறை

பொறியாளர் தம்பி, டிஜிட்டல் ஐஸ் பற்றிச் சொன்னதை மட்டும் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் கானாடுகாத்தான் தம்பி படங்களைக் கெடுத்துக்கொள்வார். அது அகச்சிவப்புக் கதிரால் வேலை செய்வது. வண்ண பிலிமின் சாயங்கள் அகச்சிவப்பைத் தடுப்பதில்லை, தூசியும் கீறலும் தடுக்கும். அந்த வேறுபாட்டைக்கொண்டு தூசி எங்கே என்று ஸ்கேனர் அறிகிறது. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் படமே வெள்ளிதான், வெள்ளி அகச்சிவப்பைத் தடுக்கும். ஆகவே முகத்தையே தூசி என்று நினைத்து ஸ்கேனர் அழிக்கப் பார்க்கும். சதுர நெகட்டிவ்களுக்கும் தகடுகளுக்கும் அதைக் கண்டிப்பாக அணைத்துவிடுங்கள். ஸ்லைடுகளிலும், அட்டைச் சட்டத்தில் கோடாக்ரோம் என்றிருந்தால் எச்சரிக்கை தேவை. அந்த பிலிமின் அமைப்பு வேறு என்பதால் ஐஸ் சில இடங்களில் விளிம்புகளைத் தின்றுவிடும். வண்ண நெகட்டிவுக்கும் மற்ற வண்ண ஸ்லைடுகளுக்கும் தயங்காமல் போடலாம்.

இன்னொரு முக்கியமான செய்தி. ஸ்டூடியோவில் எடுத்த பழைய நெகட்டிவ்களின் மருந்துப் பக்கத்தை (படம் படிந்திருக்கும் மங்கலான பக்கத்தை) வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முகத்தின் மேல் பென்சில் தீற்றல்கள் தெரியும். கன்னத்துக் குழியையும் கண்ணுக்குக் கீழுள்ள கோட்டையும் கூர்மையான பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்புவதை நாங்கள் டச்சிங் என்போம். இருட்டான இடத்தை வெளுப்பாக்குவதற்கு நெகட்டிவில் சிவப்புச் சாயமும் பூசியிருப்போம். அழுக்கென்று நினைத்து எதையும் ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள். ஒரு டச்சிங்காரர் விளக்கின் முன் மணிக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை ஒரு நொடியில் போய்விடும். ரப்பர் பந்து ஊதியும் மென்மையான தூரிகையும் போதும். நம் ஊர்ச் செம்மண் புழுதி மணல் மாதிரி, அழுத்தித் துடைத்தால் கீறும்.

கானாடுகாத்தான் வளவு

எல்லோருக்கும் மிக்க நன்றி. இருட்டறை ஐயா சொன்னபடி நெகட்டிவ்களைச் சாய்த்துப் பார்த்தேன். அப்பத்தாவின் ஒரு படத்தில் இரண்டு கன்னங்களிலும் பென்சிலின் மினுமினுப்பு மிக நுண்ணிய வலை போலத் தெரிகிறது. அதைத் துடைக்க நான் பஞ்சு வாங்கி வைத்திருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

மூன்று கேள்விகள் மீதம் இருக்கின்றன. ஒரு டப்பாவைத் திறந்தால் காடி போன்ற புளிப்பு வாடை வருகிறது. அதிலுள்ள பிலிம் சுருண்டு, ஓரங்கள் அலை அலையாக இருக்கின்றன. இரண்டாவது, கண்ணாடித் தகடுகள். அளந்ததில் 22 தகடுகள் நாலேகாலுக்கு மூன்றேகால் அங்குலம். 9 தகடுகள் எட்டரைக்கு ஆறரை அங்குலம். சிலவற்றின் ஓரத்தில் நீல நிறத்தில் உலோகப் பளபளப்பு தெரிகிறது, இரண்டில் மருந்து செதில் செதிலாக எழும்பி நிற்கிறது. இவற்றை ஸ்கேனரில் வைக்கலாமா? மூன்றாவது, ஓரத்தில் ஒரு எழுத்தும் இல்லாத சில பழைய தனி பிலிம்களை எப்படி நம்பி வைத்துக்கொள்வது?

காரைக்குடி இருட்டறை

புளிப்பு வாடை அசிட்டேட் பிலிம் சிதைவதன் அடையாளம். வெப்பத்திலும் ஈரத்திலும் அந்த பிலிமிலிருந்து அசிட்டிக் அமிலம் வெளியேறுகிறது. வெளியேறிய அமிலமே சிதைவை மேலும் விரைவாக்குகிறது, பக்கத்திலிருக்கும் நல்ல பிலிமையும் பிடித்துக்கொள்கிறது. தகர டப்பாவை மூடி வைத்ததால் ஆவி வெளியே போக வழியில்லாமல் போயிருக்கிறது. இன்றே அந்த டப்பாவைத் தனியாகப் பிரித்து, துண்டுகளைப் அமிலமற்ற காகித உறைகளில் மாற்றி, காற்றாடும் குளிர்ந்த அறையில் வையுங்கள். எந்த ஸ்கேனர் வாங்கினாலும் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டியவை இவைதான், ஏனென்றால் பிலிம் சுருங்கி மருந்து தனியாக எழும்பிவிட்டால் பிறகு தட்டையாக வைக்கவே முடியாது.

எழுத்தில்லாத பழைய பிலிம் நைட்ரேட் வகையாக இருக்கக் கூடும். அது எளிதில் தீப்பற்றுவது; 1950-களின் தொடக்கத்தோடு அதன் உற்பத்தி பெரும்பாலும் நின்றது. ஓரத்தில் சேஃப்டி என்று ஆங்கிலத்தில் இருந்தால் கவலையில்லை. அந்த எழுத்து இல்லாததும், மஞ்சளாகி ஒட்டும் பதத்தில் இருப்பதும் இருந்தால், மேமாடியில் ஓட்டின் சூட்டில் வைக்காதீர்கள், மற்றவற்றோடு சேர்க்காதீர்கள், எரித்துச் சோதிக்கவும் முயலாதீர்கள்.

தகடுகளின் ஓரத்து நீலப் பளபளப்பு, வெள்ளி மேலே வந்து படிந்தது. அதைத் தேய்க்க வேண்டாம். செதில் எழும்பிய இரண்டையும் ஸ்கேனரில் வைக்கவே கூடாது. அவற்றை மருந்துப் பக்கம் மேலாக ஒளித்தட்டில் வைத்து, பொறியாளர் தம்பி சொன்ன முறையில் கேமராவால் எடுங்கள். மற்ற 29 தகடுகளையும், மருந்துப் பக்கம் கீழே ஸ்கேனர் கண்ணாடியைத் தொடும்படி, மெதுவாக நேர்குத்தாக இறக்கி வைக்கலாம்; இழுத்து நகர்த்தாதீர்கள். மருந்துப் பக்கம் மங்கலாகவும் மறுபக்கம் பளபளப்பாகவும் இருப்பதை வைத்து அடையாளம் காணலாம். பளபளப்பான பக்கத்தைக் கண்ணாடிமேல் வைத்தால் இரண்டு வழவழப்பான பரப்புகளுக்கிடையே வானவில் வளையங்கள் விழும். நியூட்டன் வளையம் என்பது அதுதான். மருந்துப் பக்கத்தில் அது பெரும்பாலும் வருவதில்லை. படம் இடவலமாக மாறி வரும், மென்பொருளில் திருப்பிக்கொள்ளலாம்.

தேவகோட்டை ஆச்சி

தகடுகளின் அளவைப் படித்தபின் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். 120 பிலிம் மட்டும் என்றால் வி600 போதும் என்றே சொல்லியிருப்பேன். ஆனால் அதன் மூடியிலுள்ள விளக்கு, கண்ணாடி முழுவதற்கும் இல்லை; நடுவில் இரண்டே முக்கால் அங்குல அகலம் கூட இல்லாத ஒரு பட்டைதான். உங்கள் சிறிய தகடே மூன்றேகால் அங்குலம். ஒரு தகட்டை இரண்டு மூன்று முறை நகர்த்தி எடுத்துக் கணினியில் ஒட்ட வேண்டும். நகர்த்தும் ஒவ்வொரு முறையும் மருந்து கண்ணாடியில் உரசும் அபாயம் இருக்கிறது. நான் ஒரே ஒரு தகட்டை அப்படி எடுத்தேன், வானத்தின் நடுவில் ஒட்டிய இடம் இன்றும் தெரிகிறது. பெரிய தகட்டை அதில் நினைத்தும் பார்க்க முடியாது.

வி850-இல் எட்டுக்குப் பத்து அங்குலம் முழுவதும் ஒளி வரும். உங்கள் எட்டரைக்கு ஆறரை தகடு அதில் அடங்கிவிடும். அதில் இரண்டு லென்ஸ்கள் உண்டு. சட்டத்தில் மாட்டிய பிலிமைப் பார்ப்பதற்கு ஒன்று, கண்ணாடியின்மேல் நேராக வைத்ததைப் பார்ப்பதற்கு மற்றொன்று. தகடுகளை எடுக்கும்போது மென்பொருளில் பிலிம் சட்டம் என்பதை விட்டுவிட்டு, முழுப் பரப்பு வழிகாட்டி என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் கண்ணாடியில் குவியும் லென்ஸ் வேலை செய்யும். இதைக் கவனிக்காமல் எடுத்துவிட்டு ஸ்கேனர் மங்கல் என்று வருந்துபவர்கள் பலர். அதோடு ஒவ்வொரு சட்டமும் இரண்டிரண்டாக வருவதால், ஒன்று உள்ளே ஓடும்போது மற்றொன்றில் பிலிம் மாட்டலாம்.

பெரிய தகடுகளுக்கு 1200 டிபிஐயே நிறைவாக இருக்கும். 7800க்கு 10200 புள்ளிகள், 16 பிட்டில் சுமார் 160 எம்பி. முடிவெடுக்கும் முன் உங்கள் சதுர நெகட்டிவ் இரண்டைத் தேவகோட்டைக்குக் கொண்டுவாருங்கள், என் வி600-இல் போட்டுப் பார்ப்போம்.

கோட்டையூர் வாசகர்

விலைக்காகப் பழைய ஸ்கேனர் வாங்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு என் அனுபவம் ஒன்று. வேறு ஊரில் ஒருவரிடமிருந்து பழைய வி700 வாங்கினேன். 2006-இல் வந்த மாதிரி அது. எல்இடி இல்லாமல் குழல் விளக்கு என்பதால் சூடேறக் காத்திருக்க வேண்டும். அது எனக்குக் குறையாகப் படவில்லை. வீட்டுக்கு வந்தபின் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தபோதுதான், கண்ணாடியின் உட்புறத்தில் புகை படிந்தது போன்ற ஒரு படலம் இருப்பது தெரிந்தது. அதனால் படத்தின் ஒளியான பகுதிகளைச் சுற்றி வெளிச்சம் வழிந்தது. மேலும், அனுப்பியவர் உள்ளே ஓடும் வண்டியைப் பூட்டாமல் அனுப்பியிருந்ததால் அது நகரும்போது தடதடத்தது. பழையது வாங்கினால் நேரில் போய், டார்ச்சோடு பார்த்து, பூட்டைப் போட்டு, உங்கள் மடியில் வைத்துக் கொண்டுவாருங்கள்.

எங்கள் ஊர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்து வைத்த அச்சுப் பொருள்கள்தான் 1994-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாயின. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு தமிழகத்துப் பழைய ஸ்டூடியோப் படங்களை மின்னுருவாக்கியிருக்கிறது. உங்கள் தகடுகளையும் வீட்டு விஷயம் என்று மட்டும் நினைக்காமல், யார், எந்த ஊர், எந்தச் சடங்கு என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, கோப்போடு எழுதி வையுங்கள்.

கானாடுகாத்தான் வளவு

தேவகோட்டை ஆச்சி வீட்டுக்குப் போய்வந்தேன். அவர்கள் கொடுத்த நேரத்துக்கும், பிள்ளையைப் போல் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததற்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஒரே நெகட்டிவை 1600, 3200, 6400 மூன்றிலும் எடுத்து, மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். 3200-க்கும் 6400-க்கும் இடையே என்னால் எந்த வேறுபாட்டையும் காண முடியவில்லை. பங்காளிகள் எல்லோருக்கும் அந்தப் படத்தையே அனுப்பிவிட்டேன். பெட்டியின்மேல் எழுதிய எண்ணைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

தகடுகள் 31-ம் இல்லாமல் இருந்தால் வி600 வாங்கியிருப்போம். தகடுகளுக்காக வி850-ஐயே வாங்கினோம். சித்தப்பா மட்டும், 31 தகடுகளுக்காக இவ்வளவு பணமா என்று கேட்டார். 35 மி.மீ. துண்டுகளையும் ஸ்லைடுகளையும் அதில் எடுக்கப்போவதில்லை. பள்ளத்தூர் அண்ணன் தம்முடைய கேமரா அமைப்பை ஒரு வாரம் கொண்டுவந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். செதில் எழும்பிய இரண்டு தகடுகளும் அந்த வாரத்தில்தான். முகப்பில் புழுதி வருகிறது என்பதால், ஸ்கேனரைப் பட்டாலைக்கு அடுத்த சிறு அறையில், ஜன்னலுக்கு ஈரத் திரை கட்டி வைத்திருக்கிறோம். மின்சாரம் ஏறி இறங்குவதால் யூபிஎஸ் வழியாகவே இணைத்திருக்கிறோம்.

காடி வாடை வந்த டப்பாவில் இருந்த 17 துண்டுகளை முதல் மூன்று நாட்களில் முடித்தோம். இரண்டு துண்டுகள் சட்டத்தில் நிற்கவேயில்லை. அவற்றை வழிகாட்டிக்குள் கண்ணாடிமேல் மருந்துப் பக்கம் கீழாக வைத்து, சுத்தமான ஒரு கண்ணாடித் துண்டை மேலே பாரமாக வைத்து எடுத்தோம். மேல் கண்ணாடி பட்ட பக்கத்தில் வளையங்கள் விழுந்தன, ஆனாலும் முகங்கள் தெரிகின்றன.

நேற்று இரவு முதல் பெரிய தகட்டை வைத்தோம். திருப்பி, நேர்மாறாக்கியபோது எங்கள் வீட்டு முகப்புத் திண்ணைதான் திரையில் வந்தது. பத்துப் பதினோரு பேர் நிற்கிறார்கள். 100 விழுக்காடு பெரிதாக்கி நகர்த்திக்கொண்டே போனதில், வலப்பக்கத் தூணில் சாய்ந்து நிற்கும் பதினாறு பதினேழு வயதுப் பையனின் காதில் கடுக்கனும், இடது புருவத்தின்மேல் வெட்டுத் தழும்பும் தெரிந்தன. சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகில் வந்து உட்கார்ந்தார். ஐயாவுக்கு அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது, அது ஐயாதான் என்றார்.

ஆச்சி, நாளை 120 துண்டுகளைத் தொடங்குகிறோம். வி850 சட்டத்தின் கால்களை எந்த உயரத்தில் வைப்பதென்று உங்களைப் போலவே ஒரே நெகட்டிவை வைத்து ஒவ்வோர் உயரமாக எடுத்துப் பார்த்து, முடிவை இங்கே எழுதுகிறேன்.